மூன்றாவது தரம்

சொந்தக்காரி என்பதால்தான் கோர்ட்டில் அவர் அப்படிச் செய்தார் என்று மாவு மில் வரிசையில் ஒருத்தி சொல்லிவிட்டாள். அதே வரிசையில் நின்ற அவருடைய மாமியார் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தார்.

"எந்த வழியில சொந்தம்? சொல்லேன், நானும் தெரிஞ்சுக்கிறேன். பொண்ணு குடுத்த எனக்கே தெரியாத சொந்தம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எல்லாரும் பேசுறாங்கக்கா. கோர்ட்டு ஆபீஸ்ல விளக்கம் கேட்டு மெமோ குடுத்தாங்களாமே."

"குடுத்தாங்க. அவரும் பதில் எழுதிக் குடுத்தாரு. வாங்கிப் பாத்துட்டு மடிச்சு வச்சுட்டாங்க. அதை மட்டும் யாரும் பேசறதில்ல."

மருமகனுக்குக் கீழ்க்கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற வேலை. தெருவில் அவருக்கு 'மூணுதரம்' என்று பெயர். சாப்பிட வரச் சொன்னால் அசையவே மாட்டார். "உங்களையும் மூணு தரம் கூப்பிடணுமா?" என்று பெண்டாட்டி அலுத்துக்கொள்வாள். இருபத்திரண்டு வருஷமாக நீதிபதி உட்கார்ந்ததும் அவர் வாசலில் வந்து நிற்பார். குமாஸ்தா வழக்கு எண்ணைச் சொன்னதும் வராந்தா பக்கம் திரும்பி, ஆளின் பெயரையும் எண்ணையும் மூன்று தரம் கூப்பிடுவார். பணக்காரனுக்கு ஒரு குரல், இல்லாதவனுக்கு ஒரு குரல் என்பதெல்லாம் அவரிடம் கிடையாது. மூன்றாவது தரத்துக்கும் ஆள் வரவில்லை என்றால், வந்த கட்சி சொல்வதை மட்டும் கேட்டுத் தீர்ப்பாகிவிடும். மேல்கோர்ட் இருக்கிறதே என்று வக்கீல்கள் சுலபமாகச் சொல்வார்கள். தினக்கூலிக்காரி அதுவரை எங்கே போவாள்? அவளுக்குக் கோர்ட் என்றால் இந்த ஒரு கூடம்தான்.

அன்று வந்தவளும் அப்படிப்பட்டவள்தான். நூல் மில் இரைச்சலில் காதைத் தொலைத்தவள். அவள் இருந்த ஒற்றை அறையைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் வழக்குப் போட்டிருந்தார். காலையிலேயே மருமகனிடம் வந்து காகிதத்தை நீட்டினாள்.

"எப்பக் கூப்பிடுவீங்கண்ணே?"

அவர் எண்ணைப் பார்த்துவிட்டு, "மத்தியானத்துக்குள்ள வந்துரும்மா. காதக் குடுத்துக்கிட்டே இருங்க" என்று கையையும் ஆட்டிச் சொன்னார்.

அவள் சிரித்துவிட்டாள். "அதத்தான் மில்லுக்குக் குடுத்துட்டேனே."

அவளுடைய வக்கீல் பக்கத்துக் கட்டடத்தில் வேறு வழக்கில் மாட்டிக்கொண்டார். கூடத்தில் நிற்க இடமில்லை. அவள் வெளியே தண்ணீர்க் குழாயடியில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எண் வந்தது. மருமகன் முதல் தரம் கூப்பிட்டார். அவள் முதுகு அசையவில்லை. இரண்டாவது தரம் தொண்டை நரம்பு புடைக்கக் கூப்பிட்டார். வராந்தாவில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள், அவளைத் தவிர. எதிர்க்கட்சி வக்கீல் காகிதக் கட்டைப் பிரித்துத் தயாராக நின்றார்.

ஆள் அங்கேதான் இருக்கிறாள் என்று அவரால் சொல்ல முடியாது. அந்தக் கூடத்தில் அவர் வாய்க்குப் பெயரையும் எண்ணையும் தவிர வேறு பேச்சு கிடையாது. மூன்றாவது தரத்தை அங்கேயே நின்று கூப்பிட்டிருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அவளுடைய அறை போயிருக்கும்.

அவர் வாசலைவிட்டு வெளியே போனார். வராந்தாவைத் தாண்டி, நாலு படி இறங்கி, குழாயடிக்குப் போய் அவள் முகத்துக்கு நேரே நின்றார். அவள் பெயரையும் எண்ணையும் எப்போதும் போலவே கூப்பிட்டார். கூட ஒரு சொல் சொல்லவில்லை. அவள் அவருடைய வாயசைவைப் பார்த்து எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

"ஐயா, வாசல்ல நின்னு கூப்பிடறதுதான் வழக்கம்" என்றார் எதிர்க்கட்சி வக்கீல்.

"அப்படின்னு எங்க எழுதியிருக்குன்னு காட்டுங்க" என்றார் நீதிபதி. வக்கீல் கட்டைப் புரட்டினார். நீதிபதி மருமகனைப் பார்த்தார். "மூணாவது தரம் எங்க நின்னு கூப்பிட்டீங்க?"

"அவங்களுக்குத் தெரியற இடத்துல, ஐயா."

நீதிபதி குமாஸ்தாவிடம் தலையசைத்தார். பிரதிவாதி ஆஜர் என்று குமாஸ்தா எழுதினார். அவளுடைய வக்கீல் வருவதற்காக வழக்கு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது.