தோளில் நின்ற கை

படத்தைக் கணினியில் திறந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி: "ஆளை மட்டும் எடுக்கணுமா, நிழலையும் சேர்த்தா?" சிரிக்காதீர்கள். ஆளைத் தூக்கிவிட்டு நிழலை விட்டுவைக்கிற அரைகுறைகள் இந்தத் தொழிலில் ஏராளம். ஸ்டூடியோவில் அவளுக்கு ரப்பர் என்றே பெயர். தேனிலவுப் படத்தில் பின்னால் நின்று மூக்கு நோண்டியவர், பாகப்பிரிவினைக்குப் பிறகு பிடிக்காமல் போன சித்தப்பா என்று எத்தனையோ பேர் அவள் கையால் சுவடில்லாமல் போயிருக்கிறார்கள்.

வீட்டிலோ அவளையே அழித்துவிட்டிருந்தார்கள். கைநீட்டுகிற புருஷன் வேண்டாமென்று தனியே வந்தவளிடம், இந்த வாசப்படி மிதிக்காதே என்று சொல்லிவிட்டார் அப்பா.

ஒருநாள் அண்ணன் திருதிருவென்று விழித்தபடி ஸ்டூடியோவுக்கு வந்தான். கையில் குடும்பப் படம்.

"உன்னையும் அவனையும் எடுக்கச் சொல்லி அப்பா வேற கடையில குடுத்தார். சொதப்பிட்டாங்க. நீதான் சரிபண்ணணும். நான் வந்தது அவருக்குத் தெரியாது."

வாங்கிப் பார்த்தாள். அவளும் இல்லை, புருஷனும் இல்லை. ஆனால் அம்மாவின் தோள்மேல் அவளுடைய கை மட்டும், வளையலோடு, அம்போவென்று கிடந்தது. முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு அந்தக் கையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா என்ன சொன்னா?"

"அந்தக் கையாவது இருக்கட்டும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. அப்பா அதையும் எடுன்னு குதிக்கிறார்."

அவளுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம்.

"அழிக்காத பழைய படத்தைக் குடு. நான் பாத்துக்கறேன்."

அன்று டீ குடிக்கக்கூட அவள் எழுந்திருக்கவில்லை. புருஷனை எடுத்தாள். அவன் நிழலை எடுத்தாள். அப்பாவின் சட்டையில் அவன் முழங்கை போட்ட மடிப்பைக்கூட நீவிவிட்டாள். தன்மேல் மட்டும் கை வைக்கவில்லை.

சட்டம் போட்ட படத்தை மறுநாள் மாலை தானே தூக்கிக்கொண்டு போனாள். கூட வந்த அண்ணன் தெருமுனையிலேயே நழுவிவிட்டான். அப்பா வாசலை அடைத்துக்கொண்டு நின்று படத்தைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு உன்னை இதுல வச்சே?"

"கை மட்டும் தனியா இருந்தா பயமா இருக்குமேப்பா. அதான் முழுசா வந்துட்டேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அம்மா வந்தாள். ஒரு கையில் சுத்தியல், மறு கையில் ஆணி.

"வழியை விடுங்க" என்றாள் அப்பாவிடம். "நீ உள்ள வாடி. எங்க மாட்டணும்னு சொல்லு."