நொல்பெர்த்தா மறித்த மலைப்பாதை

எல்கி பள்ளத்தாக்கில் ஆடு மேய்த்துப் பாலாடைக்கட்டி விற்றுப் பிழைத்தவள்தான் நொல்பெர்த்தா. ஆனால் யார் வீட்டு வாசல் விளக்காவது வானத்தைப் பார்த்து எரிந்தால் போதும், கதவைத் தட்டிச் சண்டை பிடிக்காமல் நகரமாட்டாள். புருஷன் செத்த வருஷம் தூக்கம் வராமல், வெளியே கட்டிலைப் போட்டு நட்சத்திரங்களைப் பார்த்துப் பார்த்தே தேறியவள். அதற்கப்புறம் அந்த வானத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மலைமேல் தொலைநோக்கிக் கூடத்தில் வேலை பார்க்கும் ரொமினா ஒருநாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். சூரியனுக்கு அந்தக் கோடியில் ஒரு சின்னப் பாறையாம். அதைத் தேடி ஒரு விண்கலம் வருஷக்கணக்கில் போய்க்கொண்டிருக்கிறதாம். வெள்ளிக்கிழமை இருட்டியதும் அந்தப் பாறை ஒரு நட்சத்திரத்தை இரண்டு மூச்சு நேரம் மறைக்கும். அதைப் பார்த்துவிட்டால் பாறை இருக்கும் இடம் துல்லியமாகத் தெரிந்துவிடும், கலத்தைச் சரியாகத் திருப்பலாம். தவறினால் கலம் பாறையைக் காணாமலே தாண்டிப் போய்விடும்.

"ஊரு விளக்கெல்லாம் அணையணும், அக்கா."

"அணைஞ்சிட்டதா நெனச்சுக்கோ."

வெள்ளிக்கிழமை ஊர் கரிச்சட்டி மாதிரி இருண்டு கிடந்தது. கூடத்துக்குக் கீழே, பாதை திரும்பும் இடத்தில் நொல்பெர்த்தா காவல் நின்றாள். பார்த்தால், அணைத்த கையோடு மொத்த ஊரும் வேடிக்கை பார்க்கக் கிளம்பி வருகிறது! வண்டிக்குப் பின்னால் வண்டி, எல்லாவற்றிலும் முன்விளக்கு, மேளம் வேறு. முதல் வண்டியில் அவளுடைய கொழுந்தன் ஒஸ்வால்தோ.

நடுப்பாதையில் போய் நின்றாள்.

"நிறுத்துங்க கொழுந்தனாரே! புத்தி இருக்கா?"

"என்ன மதினி, வீட்டு விளக்கெல்லாம் அணைச்சிட்டுத்தானே வர்றோம்?"

"அதைவிடப் பெரிசா ரெண்டை முன்னாடி மாட்டிக்கிட்டு! அணைங்க!"

"அணைச்சா பள்ளத்துல உருளுவோம்."

"நிக்கிற வண்டி எங்க உருளும்? எறங்கி நடங்க!"

பின்னால் ஒவ்வொரு வண்டி விளக்காக அணைந்தது. ஒஸ்வால்தோவின் ஓட்டை வண்டி மட்டும் கேட்கவில்லை, சுவிட்ச் மாட்டிக்கொண்டது. அவன் ஒயரைப் பிடுங்க ஓடினான். நொல்பெர்த்தா தன் கம்பளியை ஒரு விளக்கின் மேல் வீசினாள். இன்னொன்றின்மேல் முதுகை அழுத்தி உட்கார்ந்துவிட்டாள். சூடு சுட்டது. அசையவில்லை.

"மதினி, வேகுறீங்களா?"

"வாயை மூடிட்டு ஒயரைப் பிடுங்கு!"

பிடுங்கினான். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே வானமெங்கும் நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது.

திடீரென்று மேலிருந்து ரொமினா கத்திக்கொண்டே ஓடி வந்தாள். "நட்சத்திரம் மறைஞ்சு திரும்ப வந்துச்சு! பிடிச்சிட்டோம்!"

நொல்பெர்த்தா அவளைத் தோளோடு பிடித்துக்கொண்டாள். "கலம் இனி சரியாப் போகுமா?"

"போகும் அக்கா, நேராப் போகும்!"

ஊரே கூச்சலிட்டது. ஒஸ்வால்தோ மெதுவாகக் கேட்டான்: "இப்ப லைட்டைப் போடலாமா, மதினி?"

"மேளத்துக்கு லைட்டு எதுக்கு? அடிங்க!"