ஆறவிடாத மருந்து

போன சித்திரையில் ஒரு நாள், அவனியாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் பைக்கை விட்டு இறங்கும்போது சைலன்சர் என் கெண்டைக்காலில் பட்டுச் சுட்டுவிட்டது. சின்னக் காயம்தான். ஆனால் வண்டி ஓட்டி வந்த என் கணவருக்கு மனசு கேட்கவில்லை. குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காத மனிதர், மருந்துக் கடையில் ஆயின்மென்ட் வாங்கி வந்து, காலையும் மாலையும் தானே தரையில் உட்கார்ந்து தடவிவிட்டார். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

காயம் ஆறுகிற மாதிரி வந்தது. ஆனால் அதைச் சுற்றியிருந்த தோல் சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்பி, நீர் வடிய ஆரம்பித்தது. அரிப்பு உயிரை எடுத்தது.

பார்த்தவர்கள் எல்லாம் வைத்தியர் ஆனார்கள். கத்தரிக்காயை நிறுத்து என்றார்கள், நிறுத்தினேன். கருவாடு போனது, முட்டை போனது. அண்ணன் மகள் காதுகுத்தில் ஊரே கறிச்சோறு சாப்பிட, நான் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். சர்க்கரை இருக்கும் என்றார்கள். ரத்தம் கொடுத்துப் பார்த்தேன், இல்லை. இல்லை என்று சொன்னாலும் யாரும் நம்புவதாக இல்லை.

நடுவில் ஆயின்மென்ட் தீர்ந்துபோய் அவர் வாங்க மறந்தால் அரிப்பு அடங்கும். குணமாகிறது, விட்டுவிடக்கூடாது என்று புது டியூப்போடு வருவார். போட்ட அன்றும் மறுநாளும் ஒன்றும் இருக்காது. அதற்கடுத்த நாள் பொங்கும். உடனே விசாரணை: நேற்று என்ன சாப்பிட்டாய்? ஒருமுறை பாவம், தக்காளி மாட்டிக்கொண்டது.

நான் கப்பலூரில் பலகாரம் பாக்கெட் போடும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நீர் வடிகிற காலைப் பார்த்த சூப்பர்வைசர், ஆறின பிறகு வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார். அதற்கு முன்பே, தினமும் என் சாப்பாட்டு டப்பாவில் கைவைத்துச் சாப்பிட்டவர்களே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

கடைசியில் கோரிப்பாளையம் பக்கம் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனோம். சாப்பாட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலில் என்ன போடுகிறீர்கள் என்றுதான் கேட்டார். டியூப்பை நீட்டினேன்.

"இந்த மருந்துதாம்மா உங்களுக்கு ஆகல."

என் கணவருக்குச் சுருக்கென்றது. "நான் பாத்துப் பாத்துப் போட்டுவிடுறேன் டாக்டர். காயமே இதுலதான ஆறுச்சு?"

டாக்டர் பொறுமையாக விளக்கினார். ரத்தத்தில் டி செல் என்று காவல் அணுக்கள் உண்டாம். ஆயின்மென்ட்டில் உள்ள நியோமைசின் என்ற மருந்தை என் உடம்பில் அவை எதிரியாக மனதில் பதித்துக்கொண்டனவாம். அடுத்தமுறை அது தோலில் பட்டால், ஆள் திரட்டிக்கொண்டு வந்து சண்டை போட ஒன்றிரண்டு நாள் பிடிக்குமாம். அதனால்தான் பழி சாப்பாட்டின் மேல் விழுந்திருக்கிறது.

ஆயின்மென்ட்டை நிறுத்தி, அவர் கொடுத்த வேறு க்ரீமைப் போட்டதும் தோல் அடங்கியது. அதற்கும் என் கணவர், கத்தரிக்காயை விட்டதால்தான் என்றார். எனக்கு வந்த எரிச்சலில், சோதித்தே பார்த்துவிடுவோம் என்று திரும்பப் போனேன். முதுகில் வரிசையாகக் கட்டம் கட்டமாக, நியோமைசினோடு வேறு மருந்துகளையும் வைத்து ஒட்டினார்கள். அதை எடுக்கும்வரை குளிக்கக்கூடாது. அந்தப் புழுக்கத்தில் இரண்டு நாள் கசகசவென்று கிடந்து போனால், பிரித்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை. என் கணவர் முகத்தில் ஜெயித்த களை. இன்னும் இரண்டு நாள் பொறுத்து வரச்சொன்னார் டாக்டர்.

போனபோது ஒரே ஒரு கட்டம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. டாக்டர் இவரைக் கூப்பிட்டுக் காட்டினார். நியோமைசின்.

வெளியே வந்து வண்டியை எடுக்காமல் நின்றார். "அம்புட்டு நாளும் நாந்தான் ஒன்னயச் சொறிய விட்டுருக்கேன்."

திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும், வண்டியை எடுங்கள், போவோம் என்றேன்.

இது ஒட்டுவாரொட்டி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் காட்டி மறுவாரமே வேலைக்குப் போனேன். இப்போது எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், என்ன செய்கிறது என்பதற்கு முன்னால் எந்த மருந்து எனக்கு ஆகாது என்பதைத்தான் சொல்கிறேன். வீட்டில் யாருக்காவது ஏதாவது சரியில்லை என்றால், நேற்று நடந்ததோடு நிறுத்தாமல் அதற்கு முந்தைய நாளையும், அக்கறையாக நாங்களே செய்துகொண்டிருப்பதையும் சேர்த்தே யோசிக்கிறோம்.