கம்பெனியின் கடைகளைக் கொண்டுபோன ராஜேஸ்வரி அக்கா

புதன்கிழமை காலை அம்பாங் ஆலையில் பெயிண்ட் கலந்துகொண்டிருந்தபோது, ராஜேஸ்வரி அக்கா மறைந்த செய்தி வந்தது. இறந்தவரின் சாந்த குணத்தைப் புகழ்வது வழக்கம். அக்காவிடம் அது கிடையாது. பிறர் செய்த துரோகத்தை மறக்காதவர் அவர். அதற்காகவே அவரை வணங்குகிறேன்.

எழுபதுகளில் அவர் கிள்ளானில் ஒரு வெளிநாட்டுப் பெயிண்ட் கம்பெனியில் சேர்ந்தார். நம்மீது அன்பு கொண்டு அவர்கள் இங்கே ஆலை கட்டவில்லை. இறக்குமதி டின்னுக்குச் சுங்கவரி கடுமை. இங்கேயே செய்தால்தான் விற்க முடியும். கடைக்காரர்களிடம் டெலிபோனில் ஆர்டர் எடுப்பது அக்காவின் வேலை; ஆலையில் பெயிண்ட் கலப்பது என் வேலை. லோரி தாமதமாகும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவார். பண்டமாரானிலிருந்து கேரி தீவு வரை கடைக்காரர்கள் அவர் பேச்சை நம்பித்தான் சரக்கு எடுத்தார்கள். மேனேஜரோ, நம்மவர்தான், எல்லாம் டின்மேல் இருக்கும் பெயரின் மகிமை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளில் வரி இறங்கியது. வர்த்தகக் கதவைத் திறந்தால் அந்நிய முதலீடு கொட்டும் என்று பேப்பரில் எழுதினார்கள். ஏற்றுமதி செய்யும் எலக்ட்ரானிக் ஆலைகளுக்குக் கொட்டியது, மறுக்கவில்லை. எங்கள் கம்பெனிக்கோ, அண்டை நாட்டிலிருந்த தன் பெரிய ஆலையிலிருந்து டின்னை இறக்குவது மலிவாகிவிட்டது. எங்களை வீட்டுக்கு அனுப்பி ஆலையைப் பூட்டினார்கள். டெலிபோனையும் அக்காவையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

"அவங்க டின்ன யாரும் கேக்கல, தங்கச்சி. என்னைத்தான் கேட்டாங்க. பாத்துக்கிறேன்" என்றார் அக்கா.

மறுவாரமே அம்பாங்கில் சிறிய பெயிண்ட் ஆலை வைத்திருந்த சீன முதலாளியிடம் போனார். தான் வேண்டுமென்றால் வேலையிழந்த கலவைப் பிரிவு ஆட்களான எங்களையும் எடுக்க வேண்டும் என்றார். அவரும் எடுத்துக்கொண்டார். கடைகள் ஒவ்வொன்றாக அக்காவின் பின்னால் வந்தன.

பழைய மேனேஜர் கூடுதல் சம்பளம் பேச நேரில் வந்தார். அக்கா நாற்காலிகூடக் காட்டவில்லை. அவரை நிற்க வைத்தே வரிசையாக ஆர்டர் எடுத்தார். பிறகு ரிசீவரை வைத்துவிட்டு, "கேட்டீங்களா சார்? எல்லாம் உங்க கடைங்கதான் லா" என்றார். மேனேஜரின் முகத்தைப் பார்த்த எனக்கு அன்று மதியச் சோறு இனித்தது.

அக்காவின் இறுதிச் சடங்குக்கு, பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு அந்த மேனேஜரும் மாலையோடு வந்திருந்தார். உடல் எடுக்கும் முன்பே, இனி ஆர்டர் எடுப்பது யார் என்று என்னிடம் மெதுவாக விசாரித்தார். இதற்காகத்தான் காத்திருந்திருக்கிறார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் அக்காவின் மேசையில் போய் உட்கார்ந்தேன். கிள்ளான் கடைக்காரர் ஒருவர் அழைத்தார்.

"அக்கா இல்லியே, இனி யார்கிட்டம்மா சொல்றது? பழைய கம்பெனியிலிருந்தும் கூப்பிட்டாங்க."

"என்கிட்ட சொல்லுங்கண்ணே."

 அவர் ஆர்டரைச் சொல்லத் தொடங்கினார்.

போய் வாருங்கள், அக்கா. அவர்களுக்கு ஒரு கடையைக்கூட நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.