ஓரத்தில் அமுக்கிப் பார்

நெடுமாறன் நாசமாகப் போகட்டும் என்று ஏழு மாதம் சபித்தவள் நான். சபிப்பதோடு நான் நின்றேன். செய்து காட்டியவள் உமாராணி.

நெடுமாறன் எங்கள் டவுன்ஷிப் கடைத்தெருவில் கேம் சென்டர் நடத்துகிறவன். நான் அங்கே கூட்டிப் பெருக்கியவள். உமாராணி மெஷின்களைப் பழுது பார்த்தவள். ஐடிஐ முடித்து, மைன்ஸில் காண்ட்ராக்டில் இரண்டு வருடம் வயரிங் வேலை செய்து, அது முடிந்ததும் இங்கே வந்து சேர்ந்தாள்.

சண்டை கேம் மெஷினில் ஆளுக்கு ஆறு பட்டன். எனக்கு எல்லாம் ஒன்றுதான், துடைத்தால் போதும். அவளுக்கு ஒவ்வொன்றும் வேறு.

"நடுவுல அமுக்குனா எல்லாப் பட்டனும் யோக்கியந்தான்க்கா. ஓரத்துல அமுக்கிப் பாரு" என்பாள்.

நல்ல பட்டனை ஓரத்தில் தொட்டாலும் 'டிக்'கென்று இறங்கி உடனே எழும்பும். மட்டமானது சாய்ந்து, உரசி, யோசித்து யோசித்து எழும்பும். சில சமயம் எழும்பவே எழும்பாது. ஷிப்ட் முடிந்து வருகிற மைன்ஸ் ஆட்களுக்கு இந்த வித்தியாசமே தெரியாது. கிரேன் பட்டனை அழுத்திப் பழகிய கை; கட்டைவிரலை நட்டநடுவில் வைத்து அழுத்துவார்கள். நெடுமாறன் அப்படியில்லை. நல்ல ஆட்டக்காரன்தான், அதை மறைக்க மாட்டேன். நான்கு விரலாலும் படபடவென்று தட்டுவான்; பாதி ஓரத்தில்தான் விழும்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு மெஷினிலிருந்த பன்னிரண்டு நல்ல பட்டனையும் கழற்றி எங்கோ விற்றுவிட்டு, மட்டமானதை வாங்கி வந்தான். "இது வேணாம் சார், அமுக்குனா எழும்பாம நின்னுக்கும்" என்று உமாராணி சொன்னது என் காதில் விழுந்தது. "மாட்டுன்னா மாட்டு" என்றான். மாட்டினாள்.

பொங்கல் போட்டியில் கல்லூரிப் பையன்கள் ஆடும்போது பட்டன் எழும்பாமல் நின்றது. கூட்டம் கத்தியது. அந்தப் பாவி என்ன செய்தான் தெரியுமா? பன்னிரண்டையும் பிடுங்கி அவள் காலடியில் வீசினான்.

"பட்டன்லாம் ஒரிஜினல்! இவ மாட்டுன லட்சணம் அப்புடி. பொறுக்கிகினு போ!"

அவள் குனிந்து பொறுக்கினாள். நான் துடைப்பத்தோடு நின்றேன். வாயைத் திறந்தால் என் வேலையும் போகும் என்று மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதன்பின் மிக்சி ரிப்பேருக்குக்கூட அவளை யாரும் கூப்பிடவில்லை. "அவ வேல சரியில்லயாமே" என்றார்கள். பண்ருட்டிக்கு முந்திரி உடைக்கப் போனாள். தொட்ட மாத்திரத்தில் பட்டனின் தரம் சொல்கிற விரல்கள் கொட்டை எண்ணெயில் வெந்து கறுத்தன.

"பேரு போச்சுக்கா. அத அவன் வாயாலயே திருப்பி வாங்குவேன்" என்றாள். அழவில்லை.

ஆடி மாதம் பிரவீன்குமார் என்பவர் எங்கள் பிளாக் மண்டபத்தில் அதே சண்டை கேமுக்குப் போட்டி வைத்தார். இறுதி ஆட்டத்துக்கு வருகிற இருவரும் ஒப்புக்கொண்டால் வேறு பட்டன் மாட்டிக்கொள்ளலாம் என்பது விதி. நெடுமாறனும், மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் கிரேன் இயக்குகிற கலைச்செல்வனும் இறுதிக்கு வந்தார்கள். உமாராணி ஒரு பிஸ்கட் டப்பாவோடு மேடை ஏறினாள்.

"சார், உங்க கடை பட்டன், பன்னெண்டும் இருக்குது. ரெண்டு பேருக்கும் ஆறாறு. ஒரிஜினல்னு நீங்கதான சொன்னீங்க? நான் மாட்டுனாத்தான் கெட்டுப்போவும். நீங்களே மாட்டுங்க."

கலைச்செல்வன், "எனக்கு எதுன்னாலும் சரிங்க" என்றார். நெடுமாறன் கூட்டத்தைப் பார்த்தான். பொங்கலன்று அங்கே இருந்த பையன்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வேண்டாம் என்றால் அன்று சொன்னது பொய்யென்று ஆகிவிடும். ஸ்குரூ டிரைவரை வாங்கி, பன்னிரண்டையும் தானே மாட்டினான்.

முதல் ரவுண்டு அவனுக்கு. இரண்டாவதில் ஒரு பட்டன் நின்றது, தோற்றான். மூன்றாவதில் இரண்டு நின்றன. கலைச்செல்வன் நிதானமாக நடுவில் அழுத்திக்கொண்டிருந்தார். நெடுமாறன் தட்டத் தட்ட, திரையில் அவன் ஆள் சும்மா நின்று அடி வாங்கினான்.

"நிறுத்துங்கய்யா! டூப்ளிகேட் பட்டன் இது! எவன் ஆடுவான் இதுல?"

முன்வரிசைப் பையன்கள் எழுந்து நின்றார்கள்.

"மாட்டுனது யாரு சார்?" என்றாள் உமாராணி. "வாங்குனது யாரு?"

"நீதான்டா வாங்குன! வேணாம்னு அவ சொன்னா, நான் கேட்டேன்!" கத்தியது நான்தான். வேலை போகட்டும், மயிரே போச்சு.

பையன்கள் சிரித்த சிரிப்பில் கூரை அதிர்ந்தது. உமாராணி பன்னிரண்டையும் கழற்றினாள். ஒவ்வொன்றாக அவன் காலடியில் போட்டாள்.

"பொறுக்கிகினு போங்க சார்."

"பொறுக்கு! பொறுக்கு!" என்று மண்டபமே கத்தியது. குனிந்தான். பதினொன்று கிடைத்தது. கடைசி பட்டன் மெஷினுக்கு அடியில் உருண்டுவிட்டது. அவன் தரையில் படுத்துக் கையை நீட்டி அதையும் எடுக்கும்வரை உமாராணி அங்கேயே நின்றாள்.