ங்க... ங்க... ங்க...

என் சாவிக்கொத்தில் வால்வு அறைச் சாவியோடு ஒரு கறுப்புக் குமிழ் தொங்குகிறது. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். தலையில் ஒரு வெள்ளைக் கோடு. ஊசியைக் காய்ச்சி ஓட்டை போட்டு நான்தான் அதை வளையத்தில் கோத்தேன். பார்க்கிறவர்கள் ரேடியோவில் கழன்றதா என்று கேட்பார்கள். என் கொழுந்தனாரின் மிக்சரில் எதிரொலியைக் கூட்டவும் குறைக்கவும் இருந்த குமிழ் அது. அதுவாகக் கழன்று விழவில்லை, நான் பிடுங்கியது.

என் கணவரின் தம்பியான அவர் மைக் செட் வைத்திருக்கிறார். ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுக்கு மேலே காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். இங்கேயும் சுற்றுப்பட்டிலும் காதுகுத்து, சடங்கு, மாரியம்மன் பண்டிகை எல்லாவற்றுக்கும் அவர் செட்டுத்தான். பழைய ஆம்ப்ளிஃபயர் இருந்தவரை மனிதர் ஓரளவு அடக்கமாக இருந்தார். சேலத்துக்குப் போய் அந்த மிக்சரை வாங்கி வந்ததும் தலைகால் புரியவில்லை. அதற்குள்ளேயே பதினாறு வகை எதிரொலி வைத்திருந்தார்கள். பெரிய மண்டபத்தில் பேசுவது போல ஒன்று, சின்ன அறையில் பேசுவது போல ஒன்று, குகைக்குள் கத்துவது போல ஒன்று. எதை எப்போது, எவ்வளவு வைக்க வேண்டும் என்று ஒரு புத்தகமும் கூடவே வந்தது. மிக்சர் ஆடாமல் நிற்பதற்காக அதை நாலாக மடித்து அடியில் வைத்தார். பதினாறில் ஆறாம் நம்பர் பிடித்துப்போயிற்று. குமிழை முக்கால்வாசி திருகினார். அதோடு அவருடைய ஆராய்ச்சி முடிந்தது.

டீக்கடையில் அவர் இரண்டாம் முறை டீ கேட்டால்தான் கடைக்காரர் காதில் விழும். கதவிடுக்கில் மாட்டிய கோழியின் குரல். அந்தக் கோழி மைக்கைப் பிடித்ததும் மலையையே ஆளப்போகிறவர் போல ஆகிவிடும். "ஏனுங்க அண்ணி, நம்ம குரலு எப்படீங்க? கோயிலுக்குள்ளிருந்து சாமி பேசறாப்ல இல்லீங்களா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். எங்கள் ஊரில் ஒரு மாட்டைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாலே எதிர்ச்சரிவு திருப்பிக் கூப்பிடும். இங்கே மேற்கொண்டு எதிரொலி வைக்கிறவரை என்ன சொல்ல? அடைமழையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. எங்கள் பக்கத்தில் எந்தப் பேச்சும் 'ங்க' போட்டுத்தான் முடியும். வாங்க, போங்க, வராதீங்க, போகாதீங்க. மரியாதை நல்லதுதான். ஆனால் ஆறாம் நம்பரில் ஒவ்வொரு 'ங்க'வும் நாலு 'ங்க'வாகத் திரும்பி வந்து, அடுத்த வார்த்தையின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நடுவில் இருக்கிற 'ராதீ', 'காதீ' எல்லாம் அடியோடு அமுங்கிவிடும். வாருங்கள் என்கிறாரா, வராதீர்கள் என்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது. பண்டிகை நாட்களில் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. அவர் சொல்லித்தான் பொங்கல் வைக்க வேண்டும் என்று இங்கே யாரும் காத்திருக்கவில்லை.

நான் ஊராட்சியில் தொட்டி ஆபரேட்டர். கோடையில் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர். நான் வால்வைத் திறந்ததும் கொழுந்தனார் ஜீப்பில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, "தண்ணி உட்டாச்சுங்க, எல்லாரும் வந்து புடிச்சுக்குங்க" என்று ஊரைச் சுற்றுவார். அவர் ஜீப் சத்தம் கேட்டாலே பெண்கள் குடத்தை எடுப்பார்கள்.

அந்த வருடம் மழைக்கு முன்னால் தோட்டங்களில் மருந்தடிப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலை வழக்கம்போல வால்வைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கால்மணி நேரத்தில் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் போன் செய்தார். முந்தின நாள் சாயங்காலம் மருந்தடிக்கிற ஆட்கள் எங்கள் தொட்டி மூடியைத் திறந்து தண்ணீர் மொண்டிருக்கிறார்கள். செடிக்கு அடிக்கிற மயில்துத்தம், அந்த நீல விஷ உப்பு, ஒரு மூட்டை உள்ளே விழுந்துவிட்டது. பயத்தில் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்கள். நான் வால்வை மூடினேன். ஆனால் குழாய்களில் இறங்கிய தண்ணீர் இறங்கியதுதான்.

கொழுந்தனாரைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "தண்ணியக் குடிக்காதீங்கன்னு சொல்லுங்க தம்பி. எக்கோ வேண்டாம். வெறுங்குரல்ல சொல்லுங்க."

"அதெல்லாம் நான் பாத்துக்கறனுங்க அண்ணி" என்றார்.

நான் தொட்டிமேட்டிலிருந்து இறங்கி ஓடினேன். பாதி வழியில் அவர் குரல் கேட்டது. "தண்ணி... ண்ணி... குடி... ங்க... ங்க... ங்க..." அவர் சொல்ல வந்தது எனக்குத் தெரியும். எனக்கே அது வந்து குடியுங்கள் என்றுதான் கேட்டது. வெறும் அறிவிப்பு என்றாலே ஆறாம் நம்பர் வைக்கிறவர், இவ்வளவு பெரிய செய்தி கிடைத்தால் சும்மா விடுவாரா? குமிழைக் கடைசிவரை திருகியிருந்தார்.

குழாயடியில் பெண்கள் வரிசையாகக் குடத்தோடு நின்றார்கள். நிரம்பிய குடங்களை நான் எட்டி உதைத்தேன். "ஏம்புள்ள, உனக்குப் பைத்தியமா? உங்க கொழுந்தனாருதானே தண்ணி வந்துருச்சுன்னு கூவிக்கிட்டுப் போறாரு!" என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். "வெசம்! வெசம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அதில் 'ங்க' இல்லாததால் எல்லோருக்கும் உடனே புரிந்தது. குடங்களைக் கவிழ்த்தார்கள்.

வரிசையில் அத்தை இல்லை. அத்தை என்றால் என் மாமியார், கொழுந்தனாரைப் பெற்றவர். மகன் குரல் கேட்டதும் குழாயடிக்கு முதலில் வருகிறவர் அவர்தான். அன்றைக்கும் முதல் குடத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் குந்தி, பச்சைப் பச்சையாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு சொம்பு குடித்திருந்தார்.

அந்த ஜீப்பிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். ஏற்காட்டில் ஊசி போட்டு, சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அடிவாரம் போய்ச் சேரும்வரை வளைவுக்கு வளைவு கொழுந்தனார் சொன்னதையே சொல்லிக்கொண்டு வந்தார். "நான் நல்லாத்தானுங்க அண்ணி சொன்னேன். நல்லாத்தானுங்க சொன்னேன்." என் மடியில் தலை வைத்திருந்த அத்தை கண்ணைத் திறந்தார். "ஆமா கண்ணு, தம்பி கொரலு இன்னைக்கு நொம்ப நல்லாயிருந்துச்சு" என்றார். எனக்கு அந்த ஆளைப் பள்ளத்தில் தள்ளிவிட வேண்டும் போலிருந்தது. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

அத்தை பிழைத்து வந்தார். வந்த அன்றைக்கே நான் போய்க் குமிழைப் பிடுங்கினேன். கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டு ஒயரைச் சுருட்டினார். வெட்கப்பட்டார் என்று நினைத்தேன். அடுத்த காதுகுத்தில் பார்த்தால், மொட்டையாக நின்ற தண்டைக் கட்டிங் பிளையரால் திருகிக்கொண்டிருந்தார்.

போன தை மாதம் அத்தை தூக்கத்திலேயே போய்விட்டார். விடிந்ததும் கொழுந்தனார் என்னிடம் வந்தார். "அந்தக் குமிழக் குடுங்க அண்ணி. தண்டு மழுங்கிப்போச்சு, பிளையர் புடிக்க மாட்டேங்குது. எக்கோவ அணைக்க முடியலீங்க. எங்கம்மா சேதிய எக்கோவுல சொல்ல வேண்டாமுங்க."

சாவிக்கொத்தோடு போனேன். ஜீப்பில் அந்த மிக்சரைக் கிட்டத்தில் பார்த்தேன். மழுங்கிய தண்டுக்கு நேர் கீழே ஒரு சின்னப் பொத்தான், பக்கத்தில் சிவப்பு விளக்கு. அமுக்கினேன். விளக்கு அணைந்தது. எதிரொலி போயிற்று. இத்தனை வருடம் அதை ஓட்டியவருக்கு அப்படி ஒரு பொத்தான் இருப்பது தெரியாது.

"எங்கம்மா செத்துப்போச்சுங்க" என்றார் மைக்கில். அதே கோழிக் குரல். எல்லா வீட்டுக்கும் புரிந்தது. எதிர்ச்சரிவு ஒரே ஒரு முறை அதைத் திருப்பிச் சொன்னது. யாரும் குடத்தோடு வரவில்லை.

பதினாறாம் நாள் கழிந்த பிறகு ஒரு சடங்கு வீட்டில் சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. பொத்தானை அமுக்க இப்போது அவருக்குத் தெரியுமல்லவா? அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை என்று ஒன்று இனிமேல் வரப்போவதில்லை.

தண்ணீர் விடும் நாளில் இப்போது ஜீப் வருவதில்லை. நானே தெருத்தெருவாக நடந்து சொல்கிறேன். அதற்கு முன்னால் ஏணி வைத்துத் தொட்டியில் ஏறி, மூடியைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்க்கிறேன். அன்றைக்கும் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் வால்வைத் திறந்தவள் நான்தான். ஊரில் ஒருவரும் அதை என்னிடம் கேட்டதில்லை, அத்தை உட்பட. எல்லோருக்கும் கொழுந்தனாரின் எக்கோ இருந்தது பழி போட. எனக்கும்தான். அந்தக் குமிழை வால்வு அறைச் சாவியிலிருந்து நான் இன்னும் கழற்றவில்லை.