ஐந்தடி விறாந்தை

காலை 6.40. வவுனியாவில் மன்னார் பஸ்ஸில் ஏறும்போதே எனக்கு அலுத்துவிட்டது. ஒரே ஒரு கட்டடத்துக்காக இது ஐந்தாவது பயணம். டிக்கெற் 320 ரூபா, தூரம் ஏறக்குறைய எண்பது கிலோமீற்றர், ஆசனத்தில் பஞ்சு என்று ஒன்று எப்போதோ இருந்திருக்க வேண்டும். நான் கட்டட வரைபடம் கீறிப் பிழைப்பவன். மன்னார் நகரக் கடைத்தெருவில் மரியா அக்கா கட்டிய தையல்கடையின் வரைபடம் என்னுடையது. கட்டி முடிந்தும், விதிப்படி கட்டியதற்கான சான்றிதழ் தரமாட்டோம் என்கிறார்கள் நகரசபைக் கந்தோரில். அது கைக்கு வராமல் கடை திறக்க வழியில்லை.

8.05. முருங்கனில் ஏறிய கமக்காரர் ஒருவர் என்னை நெரித்துக்கொண்டு அமர்ந்தார்.

“எங்க போறியள்?”

“மன்னாருக்கு. ஒரு கட்டட அலுவல்.”

“கட்டுறியளோ?”

“கட்டியாச்சு. உடைக்க வேண்டி வருமோ எண்டு பாக்கப் போறன்.”

“அது சுகமான வேலை,” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

8.50. தள்ளாடிச் சந்தி தாண்டி மன்னார்ப் பாலத்தில் ஏறியதும் சோளகக் காற்று யன்னலால் மண்ணை வாரி அடித்தது. வாயைப் பொத்திக்கொண்டு, கந்தோரில் என்ன சொல்வது என்று யோசித்தேன். நகரின் நடுப்பகுதியில் எழும் புதுக் கட்டடங்களுக்கு வடிவமைப்பு விதிகள் உண்டு. உயரத்துக்கு ஒரு எல்லை, தெருப்பக்கக் கூரை சரிவாக இருக்க வேண்டும், கடை முன்னால் ஐந்தடி அகலத்துக்குக் கூரையுள்ள வழி விடவேண்டும். சனம் வெயில்படாமல், மழையில் நனையாமல் கடை கடையாக நடந்துபோவதற்கு அது. விதி ஆங்கிலத்தில் இருந்தது. கட்டுகிற மேசனுக்கு விளங்கட்டும் என்று நான்தான் வரைபடத்தில் தமிழில் எழுதினேன்: “விறாந்தை, 5 அடி.”

9.20. முன்பக்கம் கட்டி முடிந்தபிறகு நான் வருவது இதுதான் முதல்தடவை; கடை வாசலில் இறங்கியதும் விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் விறாந்தை என்றால் என்ன? அரைச்சுவர், அதற்கு மேல் இரும்புக் கம்பி, ஒரு கேற், கேற்றுக்கு ஒரு பூட்டு. மேசன் ஒன்றையும் விடவில்லை. மிகவும் நேர்த்தியாகக் கட்டியிருந்தார்.

கந்தோரிலிருந்து வந்திருந்த உத்தியோகத்தர் இளம்பெண். அளவுநாடாவைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்: “அரைச்சுவரும் கம்பியும் எடுக்க வேணும் அக்கா. இது சனம் நடக்கிற இடம்.”

“விறாந்தை எண்டுதானே போட்டிருக்கு, பிள்ளை,” என்றார் மரியா அக்கா. “ரோட்டால போறவை என்னத்துக்கு எங்கட விறாந்தைக்குள்ள வருவினம்?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். விதியைக் குறை சொல்லத்தான் நான் வழியெல்லாம் வசனம் கோத்துக்கொண்டு வந்திருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

“பிழை என்ர. அந்தச் சொல்லை எழுதினது நான்,” என்றேன்.

மரியா அக்கா ஏசவில்லை. ஏசியிருக்கலாம். “இவர் இருக்கிறதுக்கெண்டுதான் தம்பி இதைக் கட்டினனான். நாலு வருசமா அறைச் சுவரையே பாத்துக்கொண்டு கிடக்கிறார்,” என்றார்.

இவர் என்றது அவருடைய கணவர் பிலிப்பு அண்ணையை. பேசாலையில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர். பாரிசவாதம் வந்து ஒரு கால் இழுத்தபிறகு, மனைவி தைக்கும் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

“பிள்ளை, உடைச்சால் பிறகு இதுக்குள்ளால ஆரும் போகலாமோ?”

“ஓம் அண்ணை. ஆரும் போகலாம், மழைக்கு ஒதுங்கலாம்.”

“களைச்சால் குந்தலாமோ?”

“வழியை மறிக்காட்டில், குந்தலாம்.”

“அப்ப நானும் ஆரோ ஒராள்தானே,” என்றார் பிலிப்பு அண்ணை. “மரியா, கதிரையைக் கொண்டு வா.”

உத்தியோகத்தர் கடைச் சுவரோடு போட்ட கதிரையை அளந்தார். இரண்டடி போக மூன்றடி மிஞ்சியது. இன்றைக்கே உடைத்தால் நாளைக்குக் கையெழுத்து வைப்பதாகச் சொல்லிப் போனார்.

மதியத்துக்குள் மேசன் கம்பியைக் கழற்றி அரைச்சுவரை உடைத்துவிட்டார். கல் அள்ள நானும் நின்றேன், நாரி பிடித்துக்கொண்டது. எழுபது ரூபாத் தேத்தண்ணி ஒன்று குடித்தும் நிமிர முடியவில்லை.

பிற்பகல் 3.10. “போயிட்டு வாறன் அண்ணை,” என்றேன். பிலிப்பு அண்ணைக்குக் கேட்கவில்லை. வெயிலுக்கு ஒதுங்கிய மீன்காரர் ஒருவர் கூடையை இறக்கிவைத்திருந்தார்; அதற்குள் கிடந்தது விளைமீனே இல்லை என்று அண்ணை அவரோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டு விறாந்தையிலும் கம்பி இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. கடைசியாக அங்கே யார் வந்து அமர்ந்தார்கள் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். முருங்கன் தாண்டியும் ஒருவருடைய பேரும் நினைவுக்கு வரவில்லை.